மாமியின் கோலத்தில் கியர் ஆயில்

சீனுவுக்கு ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. நாள் முழுக்க அடுத்தவர் செய்ததில் தப்பு கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன். அதனாலோ என்னவோ, தன் பழைய ஜீப்பில் மட்டும் யாரையும் கைவைக்க விடமாட்டான். எல்லாம் அவனே செய்ய வேண்டும்.

அந்த ஜீப்பின் பின் சக்கரங்களை இணைக்கும் ஆக்சிலுக்கு நடுவில், பல்சக்கரங்களை மூடிக்கொண்டு, சட்டி கவிழ்த்தது மாதிரி ஒரு மூடி இருக்கும். அது துருப்பிடித்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டு, வீடியோ பார்த்து, பழைய மூடியைக் கழற்றி, கசியாமல் ஒட்டும் பேஸ்ட் தடவி, பளபளவென்று சிவப்பு மூடி ஒன்றை மாட்டினான். புது ஆயிலும் ஊற்றினான். வீட்டுக்கார ஸ்ரீவல்லி மாமி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கடைசிவரை வேடிக்கை பார்த்தாள்.

"புதுசா சாமான் போட்டா சந்தனம் குங்குமம் வைக்காம வண்டியை எடுக்கப்படாது" என்று கிண்ணத்தையும் அவளே கொண்டுவந்து நீட்டினாள். சீனு அடியில் படுத்தபடி மூடிக்கு ஒரு பொட்டு வைத்தான். மாமி குனிந்து பார்த்தாள்.

"மேலே சின்னதா ஒரு குமிழ் நீட்டிண்டிருக்கே, அதை ஏன் விட்டுட்டே?"

அதற்கும் வைத்தான். வாடகைக்குக் குடியிருப்பவன் வீட்டுக்காரி கொடுத்த சந்தனத்தில் கஞ்சத்தனம் பண்ண முடியுமா? கிண்ணத்தில் மிச்சம் இருந்ததையெல்லாம் அந்தக் குமிழின் தலையில் தாராளமாக அப்பிவிட்டு எழுந்தான். சாயங்காலம் மனைவி கன்னிகாவை ஏற்றிக்கொண்டு ஏர்பேடு வரை ஒரு சுற்றுப் போய்வந்தான். ஒரு குறையும் இல்லை.

குறை மறுநாள் காலையில் தெரிந்தது. ஜீப் நிற்கிற இடத்துக்கும் மாமியின் கோலத்துக்கும் இரண்டடி தூரம்தான். வாசலோ சரிவு. அழுக்கைச் சேர்த்துக்கொண்டு கருப்பாக ஆயில் நடந்தே போய்த் தாமரையின் மூன்று இதழ்களை நனைத்திருந்தது.

"என்னடா இது, என் கோலத்துக்கு மை இட்டு வச்சிருக்கே?" என்றாள் மாமி.

கடைசியாக மாற்றியது மூடி. ஆகவே குற்றவாளியும் மூடிதான். தொழிற்சாலையில் சீனு அப்படித்தான் தீர்ப்பு சொல்வான். மறுபடி கழற்றி இரண்டு பங்கு பேஸ்ட் தடவினான். ஆயில் வந்தது. மூன்றாவது தடவை மூடியைச் சுற்றிப் பேஸ்ட் பிதுங்கி வழிந்தது. அப்போதும் ஆயில் வந்தது. சக்கரத்துப் பக்கம் ஈரமாக இருக்கிறதே என்று கன்னிகா காட்டினாள். மூடியில் கசிந்து ஆக்சில் வழியாக அங்கே ஓடுகிறது என்று பேப்பரில் படம் போட்டு விளக்கினான். ஜீப்புக்குப் படம் பார்க்கத் தெரியாது. அது பாட்டுக்குச் சொட்டியது.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமியின் பொறுமை தீர்ந்தது. "திங்கட்கிழமை ஏகாதசி. அன்னிக்கு என் வாசல்ல ஒரு சொட்டு இருந்தாலும் வீட்டைக் காலி பண்ணிடு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திருப்பதியில் பதினோரு வீடு பார்த்து, முட்டைகூட உள்ளே வராது என்று சத்தியம் பண்ணிக் கிடைத்த வீடு அது. கம்பெனி பஸ் தெருமுனையிலேயே நிற்கும். கன்னிகா வேலை பார்க்கும் ஸ்கூல் பின்தெருவில். குழாயில் எந்நேரமும் தண்ணீர். இப்படி ஒரு வீடு இன்னொரு தடவை அமையாது.

"சித்தூர்ல என் தங்கச்சிகிட்ட காட்டலாம் வா" என்றாள் கன்னிகா. அவள் தங்கை கலைவாணி மாம்பழக் கூழ் கம்பெனி பக்கத்தில் ஷெட் வைத்து, கூழ் ஏற்றும் வண்டிகளையெல்லாம் ரிப்பேர் பார்க்கிறவள்.

"மச்சினிகிட்ட போயி எனக்கு தெரிலன்னு நிக்க சொல்றியா?"

"மூட்டையை தூக்கிக்கினு தெருவுல நிக்கறதுக்கு அது எவ்ளோ மேலு. ஏறு வண்டில."

ஞாயிறு காலை சித்தூர். கலைவாணி ஜீப்புக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"இன்னா மாமா, மூடிக்கு பல்லு தேச்சி உட்டியா? இவ்ளோ பேஸ்ட்டு!"

சீனு படத்தை எடுத்து நீட்டினான். அவள் அதை வாங்கிக் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஆக்சில் முழுவதையும் சுத்தமாகத் துடைத்து, அக்காவின் பையிலிருந்து பவுடர் டப்பாவை வாங்கி மூடியிலும் சக்கரத்துப் பக்கமும் தூவினாள். பூதலப்பட்டு வரை ஓட்டிவரச் சொன்னாள்.

திரும்பி வந்து பார்த்தபோது மூடி பவுடர் கலையாமல் கல்யாணப் பெண் போல உட்கார்ந்திருந்தது. இரண்டு சக்கரத்துப் பக்கமும் ஆயில் கோடு கோடாக இறங்கியிருந்தது. தான் மூன்று தடவை கழற்றி மாட்டியது ஒரு நிரபராதியை என்று சீனுவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"சக்கரத்துகிட்ட ஆயிலை தடுக்கற சீலு, ரெண்டு பக்கமும் ஒரே நாள்ல கெட்டுப்பூடுமா மாமா? உள்ள இருந்து எதுவோ தள்ளுது" என்று சொல்லி, ஆயில் ஊற்றுகிற இடத்து போல்ட்டை மெதுவாகத் தளர்த்தினாள் கலைவாணி. புஸ்ஸென்று ஒரு நீண்ட பெருமூச்சு. கன்னிகா இரண்டடி பின்னால் குதித்தாள்.

அடுத்து ஆக்சிலின் தலைமேல் தடவினாள். செங்கல் மாதிரி இறுகிப்போன ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. ஸ்குரூடிரைவரால் பெயர்த்து மூக்கருகே கொண்டுபோனாள்.

"சந்தன வாசனை வருதே!"

சீனு வானத்தைப் பார்த்தான்.

"வண்டி ஓடினா உள்ள சூடாயி காத்து விரியும் மாமா. அது வெளிய போறதுக்குத்தான் இந்த குமிழ்ல ஓட்டை வெச்சிக்கிறாங்க. அதையே நீ பூசி அடைச்சிட்ட. அது வேற வழி இல்லாம சீல் சந்துல ஆயிலை தள்ளிக்கினு இருக்குது. பாவம், ஒரு வாரமா மூச்சு முட்டிக்கினே ஓடிக்கீது." சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஓட்டையைச் சுத்தம் செய்து, ஆயிலைச் சரிபார்த்து அனுப்பினாள். திரும்பும் வழியில் கன்னிகா படித்துப் படித்துச் சொன்னாள்: "மாமிகிட்ட சந்தனம் கிந்தனம்னு உளறாத. அவங்க மனசு கஷ்டப்படும். மூடின்னு சொல்லிடு."

திங்கள் காலை மாமி கோலம் போட்டு முடித்து, ஜீப்புக்கு அடியில் ஒரு நாளிதழை விரித்துவைத்து, அரைமணி நேரம் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு நாளிதழை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். ஒரு பொட்டுக் கறை இல்லை.

"என்னடா பண்ணினே?"

மூடி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருஷம் தப்புக்குக் காரணம் எழுதியே பழகிய புத்தி விடுமா? சந்தனம், குமிழ், காற்று, சீல் என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டான். கதவுக்குப் பின்னால் கன்னிகா தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

மாமி எழுந்து ஜீப்பிடம் போனாள். அதன் மட்கார்டைத் தடவிக்கொடுத்தாள்.

"எம்மேலதாண்டா அப்பா தப்பு. நீ மூச்சு முட்டித் தவிக்கறே, நான்பாட்டுக்கு உன்னை வைதுண்டே இருந்தேன்."

அவள் கண் கலங்கியது. பார்த்துக்கொண்டிருந்த சீனுவுக்கும் நெஞ்சு இளகியது. "பரவால்ல மாமி, உடுங்க" என்றான்.

மாமி திரும்பினாள்.

"உன்னோட யார் பேசினா? இது வாயில்லாத ஜீவன், இதுக்குச் சொல்லத் தெரியல. ஒரு வாரமா கூடவே படுத்துண்டிருந்தியே, உனக்கு எங்கே போச்சு புத்தி? வண்டி இங்கேயே இருக்கட்டும். உன்னை வச்சுக்கறதா வேண்டாமான்னு துவாதசி அன்னிக்குச் சொல்றேன்."