ஏழு கறுத்தப் பட்டிகள்

அப்பா வழுக்கி விழுந்து நாற்பத்தொரு மணித்தியாலம் ஆகியிருந்தது. ஜெகதீஸ்வரி அதே இடத்தில் சாக்கு விரித்துக்கொண்டிருந்தாள். சவப்பெட்டி லிஃப்டுக்குள் போகாது என்பதால் தொடர்மாடியின் வாசல் மண்டபத்திலேயே அவரைக் கிடத்தியிருந்தார்கள். வெள்ளவத்தையில் விடியத் தொடங்கிய மழை விடவில்லை. வருகிறவர்கள் குடையை மடக்கினார்கள். பெட்டியைப் பார்க்கும் முன் ஒவ்வொருவரும் தங்கள் காலைப் பார்த்தார்கள்.

வாசலுக்குப் பளபளப்பான கிரனைட் பதித்த முதல் மாதத்திலேயே இரண்டு பேர் விழுந்திருந்தார்கள். பௌதிகவியல் படித்த ஜெகதீஸ்வரி, தான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து, இழுக்கும் விசையை அளக்கும் விற்றராசு ஒன்றை இரவல் வாங்கி வந்தாள். அப்பாவின் இறப்பர்ச் செருப்பில் செங்கல்லை வைத்து இழுத்தாள். ஈரத்தரையில் செருப்பை அசைக்க, உலர்ந்த தரையில் தேவைப்பட்ட விசையின் மூன்றிலொன்று போதுமாக இருந்தது. வாளியால் தண்ணீர் ஊற்றியவர் அப்பா. எண்களைக் கலண்டர்த் தாளின் பின்பக்கம் எழுதியவரும் அவர்தான்.

பிறகு, கால் வழுக்காமல் இருக்க, சொரசொரப்பான ஏழு கறுத்தப் பட்டிகளை அவள் வாசலில் ஒட்டினாள். பிள்ளை வரிக்குதிரை வளர்க்குது என்று மூன்றாம் மாடிக்காரர் சிரித்தார். வரிக்குதிரை வழுக்கி விழாது என்று அப்பா திருப்பிச் சொன்னார்.

சனிக்கிழமை பின்னேரம் அவள் வீடு திரும்பியபோது பட்டிகளைக் காணவில்லை. தரையில் அவளுடைய முகம் தெரிந்தது. மறுநாள் அவளைப் பெண் பார்க்க வத்தளையிலிருந்து ஆட்கள் வர இருந்தார்கள். பழனிமுத்து கழுவும்போது உரித்துவிட்டான் போல என்றார் அப்பா, பேப்பரிலிருந்து தலை நிமிர்த்தாமல். பக்கத்தில் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்த அம்மாவும் நிமிரவில்லை.

அவள் கீழே போய்க் காவலாளி பழனிமுத்துவை ஏசினாள். அவன் வாயைத் திறந்தான். பிறகு மன்னிப்பு மட்டும் கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை, வந்தவர்களை மழையில் வாகனம்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு அப்பா திரும்பினார். ஈரச் செருப்பு. பின்மண்டை கல்லில் அடிபட்டது. திங்கள் விடிய முன் ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது.

அன்றைக்கே அவள் தொடர்மாடிச் சங்கத்துக்குக் கடிதம் எழுதினாள். பட்டிகளை உரித்தவன் காவலாளி, அவனை நீக்கவேண்டும். நான்கு வரி. படிக்கட்டின் கீழ் உள்ள அறைதான் பழனிமுத்து பொலிஸில் பதிந்திருந்த விலாசம். மலையகத்து ஹற்றன்காரனுக்குக் கொழும்பில் வேறு விலாசம் இல்லை. யுத்த காலம்; அதை இழந்தால், பதிவில்லாத தமிழன் என்று முதல் செக்பொயின்றிலேயே பொலிஸ்காரர் பிடித்து ஏற்றிவிடுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன் அப்படி ஏற்றியபோது ஸ்டேசனில் அரைநாள் நின்று அவனை மீட்டுவந்தவர் அப்பாதான். எழுதும்போது இதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

இப்போது சங்கச் செயலாளர் றவூப் அந்தக் கடிதத்துடன் வந்து நின்றார்.

"தங்கச்சி, இந்த நேரத்தில கேக்கிறது சரியில்ல. ஆனா பழனிமுத்து பகலுக்கு முந்திப் போகணும். அம்மாவும் ஒரு சைன் வெச்சாச் சரி."

அம்மா கடிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பேனையை றவூப் திறந்து கொடுத்தார்.

பழனிமுத்து பையை வாசலுக்கு வெளியே, மழை படாத ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே வந்தான். சாக்கில் காலைத் துடைத்தான். பெட்டியின் கால்மாட்டில் குனிந்தான்.

"அவரைத் தொடாதேங்கோ," என்றாள் ஜெகதீஸ்வரி. அவள் உரத்துக் கதைப்பவள் அல்ல. மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்டது. "அந்தக் கையாலதானே உரிச்சனீங்கள்."

அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"சரிங்க மிஸ்," என்றான். "ஐயா மொகத்த மட்டும் பாத்துட்டுப் போயிர்றேன்."

அம்மா கையெழுத்து வைக்கவில்லை. பேனையை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. இரண்டாம் தரம் அழுத்தினாள். றவூப் கையை நீட்டியபடி நின்றார்.

"பிள்ளை," என்றாள் அம்மா, மகளைப் பாராமல். "அப்பாதான் உரிச்சவர். மாப்பிள்ளை வீட்டுக்காரர் வரேக்க கல்லு மினுங்கவேணும் எண்டு, மண்ணெண்ணெய் போட்டு, ஏழு பட்டியையும். உன்னட்டச் சொல்லவேண்டாம் எண்டவர். வேண்டாம் ஐயா, மழை வரும் எண்டு மறிச்சவன் இவன்."