நானூற்றுப் பன்னிரண்டு எச்சரிக்கைகள்

1

இந்தக் கதை ஒரு ஃபோன் அழைப்பில் கிடைத்தது. திங்கட்கிழமை காலை, செகந்திராபாத் தார்நாகாவில் என் வீட்டு பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். நஸ்ரின் என்ற பெண் அழைத்தாள். மல்லாபூரில் நான் முன்பு வேலை பார்த்த கம்பெனியில் இப்போது இருக்கிறாள், நேரில் பார்த்ததில்லை. கால் மணி நேரம் பேசினாள். அவள் மூச்சு விட்ட இடங்களில் எல்லாம் நான் "ம்" போட்டேன். ஃபோனை வைத்ததும், ஐயோ பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். அட, இது கதையாக வருமே என்றுதான் தோன்றியது. எழுதுகிறவர்கள் எல்லாம் நல்லவர்கள் என்று நம்பும் வாசகர்கள் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

2

தொடக்கங்கள், எழுதிய வரிசையில்:

"மல்லாபூரின் புகைபோக்கிகளுக்கு மேலே சூரியன்…" (வேண்டாம். அந்த அலுவலகத்தில் ஜன்னலே கிடையாது.)

"கம்பைலர் அன்று நஸ்ரினைப் பார்த்து எள்ளி நகையாடி…" (இயந்திரம் சிரித்தால் குழந்தைக் கதை ஆகிவிடும்.)

"நஸ்ரினுக்கு வேலை போய்விடும் போல இருந்தது."

இது பரவாயில்லை. மேலே போவோம்.

3

நஸ்ரினுக்கு வேலை போய்விடும் போல இருந்தது. மேலப்பாளையத்திலிருந்து வந்து ஐந்து மாதம்தான். ஆறு முடிந்தால் நிரந்தரம், அதற்குள் மேலாளர் முகம் சுளித்தால் ஊருக்கு ரயில்.

கம்பெனி செய்வது ஒரு சின்னப் பெட்டி. தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியில் அதை மாட்டுவார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே எத்தனை டிகிரி என்று பார்த்து மெமரி கார்டில் எழுதும், பச்சை விளக்கைக் காட்டும், சூடு ஏறினால் அலறும். இந்த முறை வாங்குகிறவர்கள் புதிதாக ஒரு நிபந்தனை போட்டார்கள். பெட்டிக்குள் ஓடும், சி மொழியில் எழுதிய புரோகிராமைப் புதிய கம்பைலரில், அதாவது அதைப் படித்துப் பிழை சொல்லும் மென்பொருளில், போட்டுக் காட்ட வேண்டும். ஓர் எச்சரிக்கைகூட வரக்கூடாது. போட்டுப் பார்த்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு வந்தது. அத்தனையும் ஒரே புகார்: "ஒரு வேலையைச் செய்யச் சொன்னாய். முடிந்ததா இல்லையா என்று அது பதில் சொல்கிறது. நீ கேட்கவே இல்லை."

(புரோகிராம் தெரியாதவர்களுக்கு: வீட்டுக்கு வந்தவரிடம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு, அவர் வாயைத் திறப்பதற்குள் டி.வி. பக்கம் திரும்புகிறோமே, அது. தமிழர்கள் எழுதிய புரோகிராமில் இந்தப் பிழை அதிகம் இருக்க வேண்டும் என்பது என் சொந்த ஊகம், ஆதாரம் கேட்காதீர்கள்.)

மேலாளர் வேணுகோபால், மூன்று தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கும் தமிழர், பேச்சில் உள்ளூர் உருது கலக்கும். அவரிடம் வைத்தியம் தயாராக இருந்தது.

"டென்ஷன் நக்கோ, வேணாம் மா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு இஃப் போடு. உள்ளே ஒண்ணும் எழுதாதே. கம்பைலர் வாயை மூடிக்கும்."

"வேலை முடியலன்னு பதில் வந்தா என்ன செய்யணும்னு எழுதாண்டாமா சார்?"

"கைக்கு? எதுக்கு? பன்னெண்டு வருஷமா ஓடுது. ஒரு கம்ப்ளெயிண்ட் வந்திருக்கா?"

வேணுகோபாலின் இஃப் என்பது, "தோற்றுவிட்டாயா? அப்படியானால்" என்று கேட்டுவிட்டு, அதற்குக் கீழே வெறும் இடம் விட்டுவிடுவது. கேள்வி கேட்டாயிற்று என்று கம்பைலர் திருப்தியடைந்துவிடும். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பதைப் பொறியியலாக்கியவர்கள் நாம்தான்.

நஸ்ரின் இரண்டு நாளில் முந்நூற்றுக்கு மேல் வெற்று இஃப்கள் போட்டாள். நியாயமாகச் சொன்னால் அவற்றில் பெரும்பாலானவற்றால் ஒரு கேடும் இல்லை. முந்நூற்றுப் பதினேழாவதில் கை நின்றது. அது கார்டில் டிகிரியை எழுதும் வரி. அதற்கு மேல் ஒரு குறிப்பு: "டெமோ முடிந்ததும் சரிபார்க்க வேண்டும்." தேதி, பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தையது.

டெமோ எப்போதோ முடிந்திருக்கும். அவள் பழைய கார்டு ஒன்றை எடுத்தாள். முழுக்க நிறைந்த கார்டு, கடைசிப் பதிவு நான்கு டிகிரி. அதைப் பெட்டியில் செருகி, வெப்பம் பார்க்கும் கம்பியை நான்கு மணி டீயில் முக்கினாள். ஆவி பறக்கும் டீ. ஐந்து நிமிடம் ஆனதும் பச்சை விளக்கு எரிந்தது. அலறல் இல்லை. கார்டில் இடம் இல்லாததால் புது டிகிரி ஏறவில்லை. அலற வேண்டிய புரோகிராமோ கார்டின் கடைசி வரியைத்தான் படிக்கிறது. டீ ஆறி ஆடை கட்டும்வரை பெட்டி நான்கு டிகிரி என்றே சாதித்தது.

அந்த டீ போலச் சூடேறிக் கெட்ட மருந்தை யாராவது ஒரு பிள்ளைக்கு ஊசியில் ஏற்றினால் எப்படி இருக்கும் என்று நினைத்தாள். மேலாளரைக் கூப்பிட்டாள்.

வேணுகோபால் வந்து தம்ளரையும் விளக்கையும் பார்த்தார்.

"ஹவ், ஆமா," என்றார். பிறகு, "அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம். வெள்ளிக்கிழமை ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டுடு."

"பத்து வரிதான் சார். இப்பமே மாத்திரலாம்லா?"

"மாத்தினா ஏன் மாத்தினேன்னு எழுதணும். எழுதினா, வெளியே இருக்கிற அறுநூறு பெட்டியையும் திரும்பக் கொண்டு வரணும். யார் கொண்டு வர்றது, நீயா?"

வாங்குகிறவர்களுக்குப் போகும் அந்த ஃபார்மில் ஒரே வாக்கியம்: எல்லா எச்சரிக்கைகளும் ஆராய்ந்து சரிசெய்யப்பட்டன. கீழே நஸ்ரினின் பெயர் அச்சாகியிருந்தது. வேணுகோபாலின் பெயருக்கு அந்தத் தாளில் இடமே இல்லை.

4

வேணுகோபாலை வில்லனாக்கப் பெரிதும் முயன்றேன். தொந்தி கொடுத்தேன். விரலில் கல் மோதிரம் மாட்டினேன். ஆனால் அவர், நஸ்ரினுக்கு வாடகை வீடு கிடைக்காதபோது மூன்று ஞாயிற்றுக்கிழமை அவளோடு அலைந்த ஆள். பெயரைக் கேட்டதும் "நான் வெஜ் சமைப்பீங்களா" என்று இழுத்த வீட்டுக்காரனிடம் தெலுங்கில் வாய்ச்சண்டை போட்ட ஆள். இப்படிப்பட்டவரை வில்லனாக்கினால் கதை நிற்காது. மோதிரத்தைக் கழற்றிவிட்டேன், தொந்தி அவருடையதுதான்.

முதல் பிரதியில், அந்த வரியைப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் எழுதியவரே வேணுகோபால்தான் என்று வைத்திருந்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. பிறகு அடித்துவிட்டேன். ஏனென்றால்

(இந்த வாக்கியம் கிடக்கட்டும்.)

5

முடிவுகள்.

ஒன்று. நஸ்ரின் ஃபார்மைக் கிழித்துப் போடுகிறாள். ஒரு கணம் அமைதி; பின் மொத்த அலுவலகமும் கைதட்டுகிறது. மல்லாபூரில் யாரும் கைதட்டி நான் பார்த்ததில்லை. வேலை தேடும் தளத்தில் அவரவர் விவரத்தைப் புதுப்பிப்பார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. கையெழுத்துப் போடுகிறாள். ஆண்டுகள் கழித்து எங்கோ ஒரு கிராமத்தில் ஒரு குழந்தைக்கு… இல்லை. கதை முடிய வேண்டும் என்பதற்காகக் குழந்தையைச் சாகடிக்கிறவன் எழுதுவதைவிடத் துணி உலர்த்தலாம்.

மூன்றாவதில் வேணுகோபால் மனம் திருந்துகிறார். கோயில் மணி ஒலிக்கிறது. (என் மனைவி புஷ்பா இதைப் படித்துவிட்டு, "எந்தக் கோயில்?" என்று கேட்டாள். அதோடு விட்டுவிட்டேன்.)

6

இவ்வளவு படித்தீர்களே, நஸ்ரின் என்னை எதற்காக அழைத்தாள் என்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். உங்கள் மேல் கோபம் இல்லை. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

அவள் சொன்னது இது: "கார்டு நெறஞ்சா இப்படி ஆவும்னு ஆரம்பத்துலயே யாருக்காச்சும் தெரியுமா சார்? தெரிஞ்ச ஒருத்தர் சொல்லிட்டாப் போதும். புதுசா வந்த பிள்ளை எதையோ ஒளறுதுன்னு என்னைத் தள்ள முடியாது. கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லதுக்கு எனக்கு ஒரு பிடி கெடைக்கும்."

"பாத்துச் சொல்றேன்மா," என்றேன்.

பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? அந்த வரியை எழுதியவன் நான். கார்டு நிறைந்தால் என்ன ஆகும் என்று அன்றே எனக்குத் தெரியும். டெமோவில் கார்டு காலியாகத்தான் இருக்கும் என்பதும் தெரியும். ஒரு குறிப்பு எழுதிவைத்தேன், டெமோ முடிந்தது, கைதட்டினார்கள் (ஆமாம், மேலே சொன்னது பொய்), பிரியாணி வந்தது. அடுத்த வருஷம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டேன்.

இன்று வியாழன். இந்த நான்கு நாளில் அவளுக்கு ஒரு பதில்கூடச் சொல்லவில்லை. அவளுக்கு மூன்று முடிவுகள் எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. இதற்கு மேல் நயமாகச் சொல்ல வரவில்லை.

முடிவை வாசகர் கையில் ஒப்படைக்கிறேன் என்று சொல்வது எங்கள் தொழிலில் ஒரு பெருந்தன்மை. கேள்விக்குக் கீழே வெறும் இடம் விடுவதுதான் அது, வேணுகோபாலின் இஃப் போல. இந்த முறையும் அதைத்தான் செய்வதாக இருந்தேன். இந்தப் பத்தியின் நடுவில் ஃபோன் அடித்தது.

எடுத்தேன்.

"சார், நஸ்ரின். நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் கையெழுத்து."

"அந்த வரி நான் எழுதினதும்மா," என்றேன்.

"தெரியும் சார். குறிப்புக்குக் கீழயே ஜெயச்சந்திரன்னு போட்டிருக்கு. அதப் பாத்துட்டுத்தான ஒங்க நம்பரையே தேடுனேன்."

திங்கட்கிழமையே தெரிந்திருக்கிறது. நானாகச் சொல்லட்டும் என்று நான்கு நாள் பொறுத்திருக்கிறாள்.

"எழுதித் தருவியளா சார்?" என்று கேட்டாள். "ரெண்டு வரி போதும். கீழ ஒங்க பேரு."

அவள் இன்னும் லைனில்தான் இருக்கிறாள்.