பறவைக் காலியிடங்கள்

எங்கள் நெடுங்குடிக்காட்டில் ஒரு பறவை இனம் பருத்தி மருந்தில் பூண்டோடு செத்துப்போனால், அதன் இடத்துக்கு ஊரிலிருந்து ஒருவரைத் தாலுகா ஆபீசில் நியமிப்பார்கள். நான் இரட்டைவால் குருவி. என் மனைவி கொளஞ்சி, செண்பகப் பறவை.

இரட்டைவால் குருவிக்கு அப்படியொன்றும் வேலை கிடையாது. மின்கம்பியில் உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டு பூச்சிக்குக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கம்பியில் மின்சாரம் ஓடுவதால் கம்பத்தில் ஓர் ஏணியைச் சாய்த்துக் கொடுத்திருந்தார்கள். இடுப்பில் இரண்டு கறுப்பு ரிப்பன்களைக் கட்டிக்கொண்டு காலையிலேயே ஏறிவிடுவேன். பூச்சி வந்ததில்லை. பறவைக்கு முன்பே அதுவும் போய்விட்டது.

கொளஞ்சியின் வேலைதான் கஷ்டம். ஏரிக்கரையை ஒட்டிய பருத்திக் காட்டின் வேலிப்புதருக்குள் குனிந்து உட்கார்ந்து, அடித்தொண்டையில் உக், உக், உக் என்று கூப்பிட வேண்டும். முள் கிழித்த கையோடுதான் வீட்டுக்கு வருவாள். ஆனால் அவளைப்போலக் கூப்பிட இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. மனைவி என்பதற்காகச் சொல்லவில்லை. ஏணியில் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் குரல் கேட்டால் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

பதவியில் ஒரே ஒரு சிக்கல். பறவைக்கு ஆவதெல்லாம் அந்த இடத்தில் இருப்பவருக்கும் ஆகும். போன பருவத்தில் மைனாவாக இருந்த அஞ்சலை, மருந்து அடித்த காட்டில் இரை பொறுக்கப் போனவள், செடிக்கு நடுவில் குப்புறக் கிடந்தாள். வாயில் நுரை. மறுவாரமே வேறு மைனா வந்துவிட்டது. அடுத்த மருந்து நேராக வேலியோரத்தில்தான் அடிப்பார்கள் என்று அன்றைக்கே எல்லோருக்கும் தெரியும். கொளஞ்சிக்கும் தெரியும்.

அப்போதுதான் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. கொளஞ்சி இரண்டு பெரிய கட்சி வேட்பாளர்களையும் போய்ப் பார்த்தாள். செடி பூ எடுப்பதற்குள் அந்தப் பருத்தி மருந்தை நிறுத்த வேண்டும், நிறுத்துகிறேன் என்று மேடையில் சொல்கிறவருக்கு ஊரிலுள்ள அத்தனை பறவைகளும் ஓட்டுப் போடும் என்றாள். ஒருவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வேனில் ஏறிக்கொண்டார். இன்னொருவர் ராஜாங்கம். அவர் பொறுமையான மனிதர். அவளை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்.

"மருந்த நிறுத்துனா பறவ சாவாதும்மா. பறவ சாவலன்னா நம்ம புள்ளைங்களுக்கு வேல எங்கேருந்து வரும்?" என்று கேட்டார்.

அவர் சொன்னதிலும் விஷயம் இருந்தது. எஞ்சினியரிங் முடித்துவிட்டு மயிலுக்காகக் காத்திருக்கிற பையன்கள் எங்கள் தெருவில் மட்டுமே நாலைந்து பேர். மீன்கொத்திக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஏரியில் மூச்சடக்கிப் பழகுகிறவர்களும் உண்டு. அவர்களைப் பெற்றவர்கள் கோயிலில் என்ன வேண்டிக்கொள்வார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

கொளஞ்சி விடவில்லை. ராஜாங்கம் எங்கள் ஊருக்கு ஓட்டுக் கேட்டு வரும் நாளில் எந்தப் பறவையும் வாய் திறக்கக் கூடாது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். நாம் கத்திக்கொண்டே இருப்பதால்தான் எதுவும் செத்த மாதிரி யாருக்கும் தெரியவில்லை என்பது அவளுடைய வாதம். காக்கைகள் கொஞ்சம் முரண்டு பிடித்து, கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். ஆந்தை ராயப்பன் பகலில் எப்படியும் தான் தூங்கிக்கொண்டுதான் இருப்பேன் என்றும், தன் முழு ஆதரவும் உண்டு என்றும் சொன்னார்.

அந்த நாள் வந்தது. விடிந்தபோது ஊரில் ஒரு சத்தம் இல்லை. நான் ஏணியில் வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலிப்புதர் அப்படியே கிடந்தது. எனக்கே பயமாக இருந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர்க்காரர்கள் இப்படி ஓர் அமைதியைத் தலைவர்கள் சாகும்போதுதான் கேட்டிருக்கிறார்கள். ஆகவே யாரோ பெரிய தலைவர் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டார்கள். டீக்கடைக்காரர் பாலை இறக்கிவைத்துவிட்டு ஷட்டரை இழுத்தார். அதைப் பார்த்து மளிகைக் கடை சாத்தியது. மளிகைக் கடையைப் பார்த்து பஸ் நின்றது. பள்ளிக்கூடத்தில் பெல் அடித்துப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். கல்லடிக்குப் பயந்து, ராஜாங்கத்தின் பிரசார ஆட்டோக்காரர்களே ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டுச் சட்டையில் கறுப்புத் துணி குத்திக்கொண்டு வந்தார்கள்.

ராஜாங்கம் வேனிலிருந்து இறங்கினார். பூட்டிய கடைகளைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது. செத்தது யார் என்று பக்கத்திலிருந்தவரிடம் மெல்லக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. தெரியாது என்று வெளியில் காட்டிக்கொள்ள முடியாதல்லவா? ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து முச்சந்தியில் போட்டார்கள். தனக்குப் போட வைத்திருந்த ஆளுயர மாலையை வாங்கி அந்தக் காலி நாற்காலிக்கு அவரே போட்டார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நன்றாகவே அழுதார்.

கொளஞ்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு நாற்காலி முன்னால் போய் நின்றாள்.

"அய்யா, செத்தது தலைவரு இல்லிங்க. எங்க ஊரு காக்கா, குருவி, மைனா எல்லாந்தான். காது குடுத்துக் கேளுங்க, இதான் அது. இந்தப் பூவுக்கு மருந்து அடிச்சா நானும் போயிடுவன்."

ராஜாங்கம் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தலைவர் போன அதிர்ச்சியில் தங்கச்சிக்குப் பேச்சு குழறுகிறது, ஒரு சோடா வாங்கி வாருங்கள் என்றார். கடைகள் எல்லாம் பூட்டியிருந்ததால் சோடா கிடைக்கவில்லை. பிறகு அவர் மைக்கை வாங்கி, மறைந்த தலைவரின் நினைவாக இந்தத் தொகுதிக்கு மயில் உட்பட இன்னும் ஐம்பது பறவை இடங்களைப் பெற்றுத் தருவேன் என்று அறிவித்தார். துக்க வீடு என்பதால் ஜனங்கள் சத்தமில்லாமல் கைதட்டினார்கள்.

அன்று வீட்டில் அவள் சாப்பிடவில்லை. பதவியும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், புதரை விட்டு வந்துவிடு என்று நான் கெஞ்சினேன். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் நான் அப்படிக் கெஞ்சியதில்லை.

"நா எறங்கிட்டன்னா வேற ஒருத்தி வந்து ஒக்காருவா. மருந்து அவள மட்டும் உட்டுடுமா?" என்றாள்.

நான் அவள் தொடாத தட்டை மூடி வைத்தேன்.

ராஜாங்கம் ஜெயித்தார். ஓட்டு எண்ணிக்கையில் எங்கள் ஊர்ப் பெட்டியில்தான் அவருக்கு அதிகம் விழுந்திருந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர் என்பதால், ஐம்பது இடங்களும் காலியாவதற்காகக் கூடுதல் வீரியமுள்ள மருந்தை மானியத்தில் வரவழைத்தார். ஆவணிக்குள் மயில்கள் வரப்பில் விழுந்தன. அடுத்து மீன்கொத்தி. எங்கள் தெருப் பையன்கள் அத்தனை பேருக்கும் வேலை வந்தது. வீட்டுக்கு வீடு லட்டு கொடுத்தார்கள். எங்களுக்கும் கொடுத்தார்கள். கொளஞ்சி அதை வாங்கி எனக்கே தந்துவிட்டாள்.

ஐப்பசியில் செடி பூ எடுத்தது. வேலியோரத்துக் காட்டில் மருந்து அடிக்க ஆள் வந்தபோது நான் ஏணியில் இருந்தேன். காற்று புதர்ப்பக்கம் அடித்தது. கொளஞ்சி வழக்கம்போலக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். உக், உக் என்று கேட்டது. அடுத்தது வரவில்லை.

இரட்டைவால் குருவி சின்னதுதான், ஆனால் பருந்தையே துரத்தும். நான் இறங்கி ஓடி, மருந்து அடித்தவரைக் காடு முழுக்கத் துரத்தினேன். ரிப்பன் முள்ளில் மாட்டிக் கிழிந்தது. அவர் நல்ல மனிதர். மூச்சு வாங்க நின்று, "டேங்குல பாதி கெடக்குதுங்களே, அத என்னா பண்றது?" என்று கேட்டார். நான் புதருக்குள் போனேன். அவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். உடம்பில் ஓர் எறும்புகூட ஏறவில்லை. எறும்பு இடங்களுக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை. அவளை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன்.

அவளை ஏரிக்கரையிலேயே புதைத்தோம். மறுவாரம் புதருக்குப் புதுச் செண்பகம் வந்தது. சுமாரான குரல். நான் ஏணியை விட்டு இறங்கி, பொழுதோடு வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் விளக்கு எரிந்தது. அடுப்படியில் காக்கிப் பேன்ட் போட்ட ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார். திரும்பியதும் அடையாளம் தெரிந்தது. எங்கள் ஊர் பஸ்ஸில் வெகுகாலம் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற அருளாந்து. நரைத்த மீசையில் வியர்வை நின்றது. தாலுகா ஆபீசிலிருந்து அன்று மதியம்தான் அனுப்பினார்களாம்.

நான் கால் கழுவிக்கொண்டு வந்து, சுவரோரமாக, எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். அவர் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். சோறு போட்டார். என் கையைப் பார்த்துவிட்டு, முள்ளு கிழிச்சிருக்குதே, மஞ்சள் வைக்கக் கூடாதா என்று கடிந்துகொண்டார். பிறகு ரசத்தை நாக்கில் விட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"ஏங்க, உப்பு எங்க இருக்குது?" என்றார்.

"அடுப்புக்கு மேல பலகையில பாரு கொளஞ்சி" என்றேன்.