வாசகசாலையின் மேற்குச் சுவர்

"எப்படி இருக்குது, சொல்லு?"

"கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிக்குதுங்க."

"நூறு வயசுக் கிழவனுக்கு மாப்பிள்ளை வேஷம் போட்டுட்டேன் பாரு. இனிமே எவனாவது பழைய கட்டடம்னு வாயத் திறக்கட்டும்!"

நதியாவும் அவள் கணவன் ஜான்சனும் இரண்டு வருடத்துக்கு முன்னால் பேசிக்கொண்டது இது. தெரு வாசகசாலைக்குத் தன் கைக்காசில் சிமெண்ட் பூசி, எனாமல் பெயிண்ட் அடித்து முடித்த சாயங்காலம், சட்டையெல்லாம் கலவைத் துளியாக நின்றான் ஜான்சன் மேஸ்திரி. அவனைப் பார்த்து மனசு நிறைந்துதான் அவள் அப்படிச் சொன்னாள். இன்றைக்கு வாசகசாலைச் சாவியோடு விறுவிறுவென்று நடக்கும்போது அந்தப் பேச்சு நெஞ்சில் நெருஞ்சியாகக் குத்தியது.

பதினோரு மணிக்குக் கட்டடத்தைச் சோதிக்க அரசாங்க இன்ஜினியர் வருகிறார். கட்டடம் தாங்காது என்று அவர் எழுதிவிட்டால் இடித்துவிடுவார்கள். வாசகசாலையைப் பார்த்துக்கொள்ளும் நதியாவுக்கு ராத்திரியெல்லாம் கண் மூடவில்லை.

நெசவுக்காரர்கள் தெருவை அடைத்துப் பாவு நூலை விரித்துக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டு இழையில் சேலை உரசாமல் ஓரமாக ஒதுங்கிப் போனாள். பாவின் மறுமுனையைப் பிடித்திருந்த கலாவதி சும்மா விடவில்லை.

"இன்னா நதியா, ஓட்டமும் நடையுமா போறே? உங்க வூட்டுக்காரரு விடியறப்பவே சிமெண்ட் மூட்டையத் தூக்கிக்கினு போனாரே! இன்ஜினியருக்குப் பொண்ணு பாக்கற அலங்காரமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நதியா நடையை எட்டிப் போட்டாள். மறுபடியும் பூசப் போகிறாரா?

பூசிய வருடம் பெய்த முதல் மழைக்கே மேற்குச் சுவரில் பெயிண்ட் கொப்புளித்து உப்பு பூத்தது. ஜான்சன் சுரண்டிவிட்டு இன்னொரு பூச்சு பூசினான். அடுத்த மழையில் விரிசல் விட்டது. சிமெண்ட் தீர்ந்துபோய்ப் பூசாமல் விட்ட பின்னறை மட்டும் ஈரமே இல்லாமல் கிடந்தது. நதியாவுக்கு அப்போதே சந்தேகம் தட்டிவிட்டது. வாய்தான் வரவில்லை.

எப்படி வரும்? ஜான்சனின் தாத்தா யேசுதாஸ் தென்னேரியில் அடுத்தவன் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர். இந்தக் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு சுமந்தார். சாதி பார்த்து அவர்களை வேறு எங்கேயும் வாசல் தாண்ட விடாத அந்தக் காலத்தில், திறப்பு விழா அன்று கட்டின பட்டு வியாபாரி சுமந்தவர்களையே முதல் வரிசையில் உட்கார வைத்தாராம். புதிதாக யார் படிக்க வந்தாலும் ஜான்சன் தாத்தா உட்கார்ந்த அந்த இடத்தைக் கை காட்டாமல் விடமாட்டான். அவரை நினைத்துத்தான் பூசினான். அதைத் தப்பு என்று பெண்டாட்டி எந்த வாயால் சொல்வாள்?

போன வாரம் பழைய கட்டடங்களைப் பற்றிப் படித்த சுகாசினி என்ற பெண் சென்னையிலிருந்து வந்து சுவரைத் தட்டிப் பார்த்தாள். "சுவர் நல்லாதான் இருக்குங்க. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடணும். சிமெண்ட் ஈரத்தை உள்ளயே அடைச்சு வெச்சிருக்கு. பூச்சை எடுத்தா உள்ள இருக்கற செங்கல்லை இன்ஜினியரே பார்ப்பாரு. பூசினவரே எடுத்தா நல்லது. எங்க எவ்வளவு கனம்னு அவருக்குத்தான் தெரியும்."

அன்றைக்கும் நதியா வீட்டில் இதைச் சொல்லாமல் குழம்பு உப்பைப் பற்றித்தான் பேசினாள்.

வாசகசாலைக்கு வெளியே மேற்குச் சுவர் விரிசலுக்குள் ஜான்சன் கரணையால் கலவையை அழுத்திக்கொண்டிருந்தான்.

"வா வா. பத்து மணிக்குள்ள விரிசலே தெரியாது பாரு. அந்தத் தண்ணிய ஊத்தும்மா."

அவள் குடத்தைத் தூக்கினாள். ஊற்றவில்லை.

"இன்னா, மூஞ்சி பேயறைஞ்சாப்ல இருக்குது? பயப்படாதே. நம்ம பூச்சு இருக்கற வரைக்கும் இதுக்கு ஒண்ணும் ஆவாது."

"அந்தப் பூச்சாலதாங்க ஆவுது."

கரணை பாதியில் நின்றது. "இன்னா சொன்னே?"

"பூசாத பின்னறை காஞ்சு கிடக்குது. பூசின இடமெல்லாம் அழுவுது. ரெண்டு வருஷமா பாத்துக்கினுதான் இருக்கேன்."

"அப்போ நான் கெடுத்தேன்றியா? எங்க தாத்தா சுமந்த சுவர நானா?"

அவன் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. தெருவில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. நதியா குடத்தைக் கீழே வைத்தாள்.

"அவரு சுமந்தது உள்ள பத்திரமா இருக்குதுங்க. வெளிய தெரிய மாட்டேங்குது, அவ்வளவுதான்."

அவன் கரணையை மட்டும் விடாமல் பிடித்திருந்தான். அவள் அவனுடைய சாக்குப் பையிலிருந்து உளியை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"இன்ஜினியரு வர்றதுக்குள்ள இந்த ஒரு சுவரையாவது, நீங்க பூசினத நீங்களே கொத்தி எடுத்துடுங்க."