சென்னியம்மாளின் காது

ஹாலில் மின்விசிறி மாட்ட வந்த ஷாஹுல், தண்ணீர் குடிக்கச் சமையலறை வாசலுக்கு வந்தவன், சொம்பை வாயருகே கொண்டுபோய் அப்படியே நின்றான்.

"ஏனுங்ணா, இந்த பிரிட்ஜ் பிளக்குல கொர்ருனு சத்தம் வருதுங்களே, எத்தன நாளாங்க?"

ரங்கராஜுக்கு ஒன்றும் கேட்கவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி சென்னியம்மாளைப் பார்த்தார். அவள் தலை நிமிரவில்லை.

ஐந்து மாதம் முன்பே அவள் சொன்னாள், சுவருக்குள் வண்டு சுற்றுகிற மாதிரி இருக்கிறதென்று. அவர் போர்டில் காதை ஒட்டிவைத்துக் கேட்டார். இருபத்தாறு வருடம் ஸ்பின்னிங் மில் இரைச்சலில் நின்ற காது. "ஒண்ணுமில்ல அம்மணி, வண்டு உன் காதுலதான் இருக்குது" என்றார். மகள் வீட்டு விசேஷத்தில் சம்பந்திகள் முன்னால் அதையே தமாஷாகச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மேட்டுப்பாளையத்தில் காது டாக்டரிடம் கூட்டிப்போய், அவளைப் பேசவிடாமல் எல்லாவற்றையும் அவரே சொன்னார். மாத்திரை தின்று தலைசுற்றி, சில காலைகளில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒருநாள், "இப்பக் கேக்குதா?" என்றதற்கு, "இல்லீங்க, நின்னு போச்சுங்க" என்றாள். குணமாகிவிட்டதென்று எல்லாரிடமும் சொல்லியிருந்தார்.

ஷாஹுல் மெயினை அணைத்துவிட்டு பிளக் பாயிண்டைக் கழற்றினான். பின்பக்கம் கருகி, வயரின் மேலுறை உருகி ஒட்டியிருந்தது.

"திருகு லூசாகி உருகிப்போட்டுதுங்க. இன்னுங் கொஞ்ச நாள் உட்டிருந்தா பத்தியிருக்குமுங்க." அவன் திரும்பினான். "ஏனுங்க்கா, நாள் முழுக்க இங்கயே நிக்கறீங்க, உங்களுக்குமா கேக்கல?"

சென்னியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தாள். "எனக்குக் காது கொஞ்சஞ் செரியில்லீங்க தம்பி."

ரங்கராஜ் வாயைத் திறந்தார். அவளுக்கில்லை, எனக்குத்தான் என்று சொன்னால் போதும். ஷாஹுல் புதிதை மாட்டி முடித்து, வண்டியை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டும் வரைக்கும் அது வெளியே வரவில்லை. மில்லில் எத்தனையோ பேர் முன்னால் திட்டு வாங்கியிருக்கிறார். இப்படிக் கூசியதில்லை.

பிறகு ஹாலுக்குப் போய் ஒரு சுவிட்சைப் போட்டார்.

"அம்மணி, கொஞ்சம் வா. இதுல ஏதாச்சுஞ் சத்தம் வருதான்னு கேட்டுச் சொல்லு."

அவள் வந்து நின்றாள். சுவிட்சின் பக்கம் திரும்பவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களே சொல்லுங்க. வருதுங்களா?"