அவர் உப்பிட்ட இறக்கைகள்

துக்கம் கேட்க வந்த பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த நஜ்லா, சமையலறையில் தன் குளிர்பெட்டியை யாரோ திறக்கும் சத்தம் கேட்டு எழுந்தாள். புருஷன் வஜீஹை அடக்கம் செய்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. "நீ உக்காரும்மா, நாங்க பாத்துக்கறோம்" என்று பக்கத்து வீட்டு உம் பிலால் கையைப் பிடித்தாள். நஜ்லா கையை விடுவித்துக்கொண்டு போனாள்.

உள்ளே சுஹைலா நின்றிருந்தாள். வஜீஹின் ஒரே தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாமல், சைதா நகரத்தின் பழைய கடைத்தெருவுக்குப் பின்னால், தாய் தகப்பன் விட்டுப்போன வீட்டில் தனியாக இருப்பவள். கையில் துணியால் மூடிய தட்டு.

"என்னது அது?"

"கோழி இறக்கை, அண்ணி. எங்க தெருவுல ரெண்டு நாளா கரண்டு இல்ல. ஐஸ் வாங்கி வச்சுக் காப்பாத்தினேன். இதுக்கு மேல தாங்காது, உங்க பெட்டில வைக்கலாம்னு கொண்டாந்தேன்."

நஜ்லாவுக்கு வயிறு எரிந்தது. இருபத்தொன்பது வருஷமாக எரிந்துகொண்டிருக்கிற வயிறு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலையிலேயே வஜீஹ் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். அங்கிருந்தே தொழுகைக்குப் போய், அங்கேயே சாப்பிட்டு, சாயங்காலம் சட்டையெல்லாம் பூண்டு மணக்க வீடு திரும்புவார். என்ன சாப்பாடு என்று கேட்டால், "இறக்கை" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அவளும் சும்மா இருக்கவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் இறக்கை பொரித்தாள். கொத்தமல்லியைக் கூட்டினாள், எலுமிச்சையைக் குறைத்தாள், மாவை மாற்றினாள். அவர் இரண்டு துண்டு தின்று, "நல்லாருக்கு" என்று எழுந்துவிடுவார். "உங்க தங்கச்சி கை மாதிரி வருமா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு மீன் முள்ளாகத் தொண்டையில் நின்றுவிட்டது.

இப்போது துக்க வீட்டுக்கே தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"உன் கைமணத்தைக் காட்ட வேற நாளே கிடைக்கலையா? தின்னவரு போயிட்டாரு. இனிமே யாருக்குப் பொரிச்சுப் போடப் போற?"

சுஹைலா விழித்தாள். "என் கைமணமா? அண்ணி, எனக்கு ஒரு முட்டைகூட உடையாமப் பொரிக்க வராது."

"பின்ன?"

"அண்ணன்தானே செய்வாங்க. இதுகூட அவங்க உப்புப் போட்டு வச்சதுதான். வெள்ளிக்கிழமை காலைல வந்து கழுவி, ஒவ்வொண்ணாத் துணியால ஒத்தி, மூடாம குளிர்பெட்டிக்குள்ள வச்சாங்க. தொழுதுட்டு வந்து பொரிக்கறேன்னு போனாங்க..."

பள்ளிவாசல் படியிலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான்.

முன்னறையில் காப்பிக் கோப்பைகள் உரசும் சத்தம் கேட்டது. நஜ்லா குளிர்பெட்டிக் கதவைச் சாத்தினாள்.

"எங்க வீட்டு மனுஷனா? குடிக்கத் தண்ணிகூட நான்தான் மோந்து குடுக்கணும்."

"கல்யாணமான புதுசுல இங்க ஒருதடவை செய்யப் போனாங்களாமே. நீங்க கரண்டியைப் பிடுங்கிக்கிட்டு, தையல் மிஷினுக்கு எண்ணெய் போடற கைக்கு இங்க என்ன வேலைன்னு விரட்டினீங்களாம்."

நஜ்லா நினைவைத் துழாவினாள். எதுவும் அகப்படவில்லை. சொல்லியிருப்பாள்; சொல்லக்கூடியவள்தான்.

"கோவமாச் சொன்னாரா?"

"சேச்சே. சிரிச்சுக்கிட்டேதான். 'அந்த அடுப்பு அவளோடது, இந்த அடுப்புக்குத்தான் ஆளில்ல'ன்னாங்க."

இது முன்னதைவிட மோசமாக இருந்தது. இவளுடைய கை உசத்தி என்றால் ஏதோ ஒருவிதத்தில் பொறுத்துக்கொண்டிருக்கலாம். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு அடுப்பின் முன் நின்றிருக்கிறார். சூடாக எடுத்து நீட்டி, உப்பு போதுமா என்று கேட்டிருக்கிறார். இவள் உட்கார்ந்து தின்றிருக்கிறாள். கரண்டி பிடித்த வஜீஹ் எப்படி இருப்பார் என்று கற்பனை செய்து பார்த்தாள். முகம் வரவில்லை. அதைப் பார்த்த கண்கள் எதிரே நின்றுகொண்டிருந்தன. பிடுங்கி எடுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"எப்படிச் செய்வாரு? சொல்லு" என்றாள். கேட்க வேண்டியிருந்ததே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வாணலியை நஜ்லாவே ஏற்றினாள். துணியை விலக்கியபோது இறக்கைகளின் தோல் காகிதம்போல உலர்ந்திருந்தது. எல்லாம் ஒரே பக்கமாகத் தலைவைத்து வரிசையாக இருந்தன. தையல் மிஷின் பழுதுபார்க்கும் கடையில் அவர் திருகாணிகளை அடுக்கி வைப்பதும் இப்படித்தான்.

"சோள மாவு லேசாத் தூவினாப் போதும். முதல்ல சின்னத் தீ."

பொரிந்து வெளுப்பாக மேலே வந்தன. சுஹைலா எடுக்கச் சொன்னாள். ஆறவிட்டு, எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் மறுபடி போடச் சொன்னாள். இந்தமுறை எண்ணெய் படபடவென்று சத்தமிட்டது.

"இந்தச் சத்தம் அடங்கணும். அது வரைக்கும் யாரும் பேசக்கூடாதும்பாங்க."

இருவரும் பேசாமல் நின்றார்கள். சத்தம் அடங்கியது. நஜ்லா இறக்கைகளை எடுத்து வைத்துவிட்டு, கல்லுப்பு வைத்து இடித்த பூண்டை எடுத்து எண்ணெயில் போடப் போனாள்.

"ஐயோ, வேணாம் அண்ணி! தீயை அணைங்க. வேற சட்டில கொஞ்சம் எண்ணெய் ஊத்தி, கை பொறுக்கற சூட்டுல போடணும். இல்லேன்னா கசந்துரும்."

நஜ்லா திரும்பினாள். "நான் போட்டது கசந்துச்சுன்னு சொன்னாரா?"

சுஹைலா தரையைப் பார்த்தாள். "அதைத் தவிர எல்லாம் சொல்லுவாங்க. சுரைக்குள்ள அரிசி அடைச்சு வேகவைக்கற உங்க கூசா மஹ்ஷி, உங்க பருப்பு ரசம்... இந்த இறக்கையைப் பத்தி மட்டும் வாயைத் திறக்க மாட்டாங்க. நானாத்தான் யூகிச்சேன்."

பூண்டு பொன்னிறம் காட்டியதும் நஜ்லா எலுமிச்சை பிழிந்து, கொத்தமல்லி தூவி, இறக்கைகளைக் கொட்டிப் புரட்டி, வேறொரு தட்டில் எடுத்தாள். பன்னிரண்டு துண்டுகள் இருந்தன. ஒன்றை எடுத்துக் கடித்தாள். தோல் நொறுங்கியது. உள்ளே எலும்பு வரைக்கும் உப்பு இறங்கியிருந்தது. அளவான உப்பு.

அடுத்ததை எடுத்தாள். பிறகு அதற்கடுத்தது. நின்றபடியே தின்றாள். ஒன்றைக்கூட நீட்டவில்லை. சுஹைலாவும் கேட்கவில்லை, தான் கொண்டுவந்த தட்டைக் கழுவித் துடைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்றாள். ஆறாவது துண்டில் நஜ்லாவுக்கு வயிறு நிறைந்துவிட்டது. ஆனாலும் ஏழாவதையும் எடுத்தாள்.

"அவருக்கு எது பிடிக்கும்? நுனித் துண்டா, தடிச்ச தொடைத் துண்டா?" என்று வாயில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"நுனி. தொடையை எனக்குப் போட்டுருவாங்க."

நஜ்லா மெல்வதை நிறுத்தினாள். தட்டில் நான்கு தொடைகளும் ஒரு நுனியும் மிச்சமிருந்தன. பிறகு நுனியை எடுத்துக்கொண்டு, தட்டைச் சுஹைலாவின் பக்கமாக விரலால் தள்ளினாள். நான்கில் ஒன்றைத் திரும்ப இழுத்துக்கொண்டாள்.

"நஜ்லா, மரச்செர் ஊர்ல இருந்து சொந்தக்காரங்க வந்திருக்காங்க" என்று உம் பிலால் வாசலில் நின்று கூப்பிட்டாள். "கையைக் கழுவிட்டு வா."

குழாய் பக்கத்தில்தான் இருந்தது. நஜ்லா அதைத் தாண்டி முன்னறைக்குப் போனாள். வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். இறந்தவரின் நல்ல குணங்களைச் சொன்னார்கள். அவள் தலையாட்டினாள். காப்பி நீட்டியபோது இடது கையால் வாங்கிக்கொண்டாள். பூண்டு மணந்த வலது கையை மடியில், கறுப்புத் துணியின் மடிப்புக்குள் மூடி வைத்திருந்தாள்.