பரலுக்குள் ஓடிய இஞ்சின்

படகு இஞ்சினைக் கடலுக்குக் கொண்டுபோகாமலே ஓட்டிப் பார்க்கலாம். பெரிய நீலப் பரல் ஒன்றை, அதாவது பிளாஸ்டிக் பீப்பாயை, நிமிர்த்தி வைத்து, கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, விளிம்பில் பலகை கட்டி இஞ்சினைக் கொழுவ வேண்டும். இஞ்சினின் கால் தண்ணீருக்குள் நிற்கும். கயிற்றை இழுத்தால் பிடிக்கும். பக்கத்துத் துவாரத்தால் மெல்லிய தண்ணீர்த் தாரை பீச்சியடித்தால், சூடு தணிக்கும் பம்பி ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்தத் தாரையைப் பார்ப்பதில் எனக்கு இன்றைக்கும் ஆசை குறையவில்லை. திருகோணமலை ஓர்ஸ் ஹில் அடியில் இருக்கிற என் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான் இஞ்சின்களைப் பரிசோதிக்கிறேன். அந்த இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாளாவது ஓர் இஞ்சினோடு கடலுக்குப் போனதில்லை.

காரணம் பயம். சிறு வயதில் கடலில் விழுந்து தப்பினேன் என்று சொன்னால் கதைக்கு ஒரு மதிப்பு இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கால் எட்டாத தண்ணீர் என்றால் எனக்குப் பயம், அவ்வளவுதான். எங்கள் துறைமுகம் இயற்கையிலேயே ஆழமானது என்று ஊரில் எல்லோரும் பெருமையடிப்பார்கள். எனக்கு அதுதான் அதன் குறையாகத் தெரியும். அக்கரைக்குத் தோணியில் போகிற தேவையை ஒழித்த கிண்ணியாப் பாலம் திறந்த அன்று கடவுளுக்கு என்னளவு நன்றி சொன்னவர் திருகோணமலையில் வேறு ஒருவர் இருந்திருக்க மாட்டார். கடலில் ஒருக்கா ஓட்டிப் பார்ப்போம் என்று கூப்பிடுகிறவர்களிடம் முதுகுவலி, பூசை, கலியாணவீடு என்று ஏதாவது சொல்லித் தப்பிவிடுவேன். ஒரே ஆளின் கலியாணத்துக்கு மூன்று தடவை போயிருக்கிறேன்.

இது போதாதென்று, பாலையூற்றில் எங்கள் வியாழக்கிழமைச் செபக் கூட்டத்தில் விசுவாசத்தைப் பற்றிப் பேசுகிறவனும் நான்தான். போன ஐப்பசியில் பயத்தைப் பற்றி ஐந்து கிழமை பேசினேன். புயலுக்குள் இயேசு படகில் நித்திரை கொண்ட சம்பவத்துக்கு மட்டும் இரண்டு கிழமை. வெண்பலகையில் படகைக் கீறி, அவர் ஏன் பின்பக்கத்தில் படுத்தார் என்று விளக்கினேன். அலை அடிக்கும்போது முன்பக்கம்தான் கூடுதலாக எழும்பி விழும். பின்பக்கம் அவ்வளவு ஆடாது. பிறகு சீடர்கள் விட்ட பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். அவர்களோடு நான் கொஞ்சம் கடுமையாகத்தான் நடந்துகொண்டேன். வீட்டுக்கு வருகிற வழியில் என் மனைவி பிலோமினா, அந்தச் சீடர்கள் படகில் ஏறவாவது ஏறினார்கள் என்று மட்டும் சொன்னாள்.

கார்த்திகைக் கடைசியில், தன் தங்கையின் பிள்ளைப்பேற்றுக்கு உதவியாக அவள், குடாவுக்கு அக்கரையில் மூதூருக்குப் பக்கத்தில் இருக்கிற கட்டைபறிச்சானுக்குப் போனாள். நான்கு நாள் என்று போனவள் ஐந்து நாளுக்கு இன்சுலின் கொண்டுபோனாள். மூன்றாம் நாள் மழை பிடித்தது. மகாவலி ஆறு பெருகி மூதூர் வீதியை மூடியது. அந்த ஊரிலிருந்து மூதூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதையிலும் வெள்ளம். ஆறாம் நாள் காலை தொலைபேசியில் கூப்பிட்டாள். நேற்றோடு மருந்து முடிந்துவிட்டது, பரவாயில்லை, சோற்றைக் குறைக்கிறேன் என்றாள். முந்தின வருடம் இரண்டு நாள் மருந்து தப்பியதற்கே அவளை ஐந்து நாள் ஆஸ்பத்திரி வாட்டில் வைத்திருந்தார்கள். அதனால் அந்தப் ‘பரவாயில்லை’யை நான் நம்பவில்லை.

இன்சுலினைக் குளிராக வைக்க வேண்டும். ஆனால் உறைய விடக்கூடாது, உறைந்தால் உதவாது. ஆகவே சூடோ குளிரோ உள்ளே நிற்கிற சுடுநீர்ப் பிளாஸ்க் போத்தலுக்குள் ஐஸ் போட்டு, மேலே துணி வைத்து, துணிக்கு மேலே மருந்தை வைத்தேன். இதையெல்லாம் மிகச் சரியாகச் செய்தேன். பிறகு, லாபிரிடம் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

லாபிர் மூதூர் மீனவர். பதினைந்து வருடமாக என்னிடம் இஞ்சின் திருத்துகிறவர். மழைக்கு முன்னர் மீன் கொண்டுவந்து, திரும்பிப் போகாமல் எங்கள் கரையிலேயே நின்றார். அவருடைய இஞ்சின் ஒரு மாதமாக நடுக்கடலில் நின்று நின்று போகிறது. மூன்று தடவை பட்டறைக்குக் கொண்டுவந்தார். மூன்று தடவையும் பரலுக்குள் ஒரு மணித்தியாலம் ஓடியது. தாரையும் வடிவாகப் பீச்சியது. இஞ்சினில் ஒரு பிழையும் இல்லை, நீர் ஓட்டுகிற விதத்தில்தான் ஏதோ என்று சொல்லி அனுப்பியிருந்தேன்.

அன்று மழை விட்டிருந்தது. கடலில் அலை மட்டும் மிச்சம் இருந்தது. லாபிர் போத்தலைக் கையில் வாங்கவில்லை.

“கொண்டுபோக மாட்டன் எண்டு சொல்லல்ல, பாஸ். நடுவில நிண்டுட்டா நான் துடுப்பால தோணியை அலைக்கு நேரா பிடிக்கவா, இஞ்சினைப் பாக்கவா? நீங்களும் ஏறுங்க.”

நான் முதுகைப் பிடித்தேன்.

“இண்டைக்கும் அந்தக் கலியாணமா, பாஸ்?”

ஏறினேன். உயிர்காப்பு அங்கி இரண்டை ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போட்டிருந்ததால் என் கைகள் கீழே இறங்கவில்லை. கோழி செட்டையை விரித்தது மாதிரி நடுப் பலகையில் இருந்து, இரண்டு கையாலும் பலகையைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டேன். செபமாலை மணிக்கட்டில் கிடந்தது. உருட்டுவதற்குக் கை மிச்சமில்லை.

இருபது நிமிடம் போயிருக்கும். இஞ்சின் இரண்டு தரம் இருமியது, பிறகு நின்றது.

தள்ளுகிற விசை நின்றால் படகு தானாக அலைக்குப் பக்கவாட்டில் திரும்பும். அப்படித் திரும்பினால்தான் கவிழும். இதையும் நான் வெண்பலகையில் கீறிக் காட்டியிருக்கிறேன். லாபிர் துடுப்பைப் போட்டு முகப்பை அலைக்கு நேராகத் திருப்பினார். அவருடைய இரண்டு கையும் அதிலேயே போய்விட்டன.

“பாஸ், அல்லாஹ் எங்களைப் பாத்துக்குவான். நீங்க இஞ்சினைப் பாருங்க.”

நான் பார்க்கவில்லை. செபித்தேன். முதலில் அலையை நிறுத்தும் என்று கேட்டேன். பிறகு, ஒரு கப்பலையாவது அனுப்பும் என்றேன். பிறகு, இனி வியாழக்கிழமைகளில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் பேசமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கூட்டத்தில் இருக்கிறவர்களுக்காகவாவது ஆண்டவர் இதற்கு இரங்குவார் என்று நினைத்தேன். அலை நிற்கவில்லை.

மருந்துப் போத்தல் உருண்டு வந்து என் காலில் முட்டியது.

பரலில் ஓடுகிற இஞ்சினுக்குச் சுமை கிடையாது. அது எதையும் தள்ளிக்கொண்டு போவதில்லை. நின்ற இடத்திலேயே பெரிதாகச் சத்தம் போடும், தாரை பீச்சும், பார்க்கிறவனுக்குத் திருப்தியாக இருக்கும். என் விசுவாசமும் அப்படித்தான் இவ்வளவு காலமும் ஓடியிருக்கிறது. இஞ்சினைத் திறக்க இரண்டு கை வேண்டும். என் இரண்டு கையும் பலகையில் இருந்தன. நான் பிடித்திருந்ததால் அந்தப் படகின் ஆட்டம் ஒரு அங்குலம்கூடக் குறையவில்லை. ஆனாலும் விடப் பயம்.

“ஆண்டவரே, நான் பலகையை விடுறன். நீர் என்னை விடாதேயும்” என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன் போல. லாபிர் திரும்பிப் பார்த்தார்.

விட்டேன். மேல் அங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு, நாலு காலில் பின்பக்கம் போனேன். மனதில் பெரிய அமைதி ஒன்றும் இறங்கவில்லை. பயமும் போகவில்லை. ஆனால் பயம் இருக்கும்போதே வேலை செய்ய முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஆண்டவர் பிடித்திருக்கிறார் என்பதை, நான் பிடியை விட்ட பிறகுதானே பார்க்க முடியும்.

எரிபொருள் எண்ணெய் இருக்கிற தாங்கியிலிருந்து இஞ்சினுக்குப் போகிற குழாயில் ஒரு ரப்பர் உருண்டை இருக்கும். அதை அமுக்கித்தான் எண்ணெயை மேலே ஏற்றுவோம். அது சூப்பிப் போட்ட மாங்கொட்டை மாதிரி ஒட்டிப்போய்க் கிடந்தது. அதைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. தாங்கியிலிருந்து எண்ணெய் வெளியேற வேண்டுமென்றால் அதே அளவு காற்று உள்ளே போக வேண்டும். அதற்காகவே மூடியில் ஒரு சின்னத் திருகாணி இருக்கிறது. அதைத் திறக்காவிட்டால் இஞ்சின் கொஞ்ச நேரம் உறிஞ்சிப் பார்த்துவிட்டு நின்றுவிடும். இரண்டு சுற்றுத் திறந்தேன். தாங்கி நீளமாக மூச்சு இழுத்தது. உருண்டை மெல்ல மெல்ல உப்பியது.

இதை ஆர் இறுக்கினது என்று லாபிரிடம் கேட்டேன். கொஞ்சம் அதிகாரமாகத்தான் கேட்டேன்.

“நீங்கதானே சொன்னீங்க, பாஸ். அந்தத் திருகாணியை எப்பவும் இறுக்கிப் பூட்டி வை, கடல்தண்ணி உள்ளே போயிரும் எண்டு.”

சொல்லியிருந்தேன். ஒரு மாதத்துக்கு முன்னர், கடலுக்கே போகாத ஒருவன் கடலுக்குப் பயந்து சொன்ன புத்திமதி அது. பட்டறையில் எந்த இஞ்சினையும் என் சொந்தத் தாங்கியோடு பூட்டித்தான் ஓட்டுவேன், அதன் திருகாணி எப்போதோ தொலைந்து துவாரம் திறந்தே கிடந்தது. அதனால்தான் பரலுக்குள் ஒவ்வொரு தடவையும் குறையில்லாமல் ஓடியது. பிழை இஞ்சினிலும் இல்லை, உம்மிலும் இல்லை, என்னில்தான் என்று லாபிரிடம் சொன்னேன். மூன்று தடவை என்ர ஓட்டத்தைக் குறை சொன்னீங்களே என்று அவர் கேட்டார். நான் கயிற்றை இழுத்தேன். இரண்டாம் இழுவைக்குப் பிடித்தது.

மிச்சத் தூரம் முழுக்க இஞ்சினுக்குப் பக்கத்திலேயே இருந்தேன். பின்பக்கம் உண்மையிலேயே குறைவாகத்தான் ஆடுகிறது. நித்திரை கொள்ளுகிற அளவுக்கு இல்லை.

லாபிரிடம் மருந்து கொடுத்துவிடுகிறேன் என்று காலையிலேயே சொல்லியிருந்ததால், கட்டைபறிச்சான் கரையில் பிலோமினா குடையோடு நின்றாள். முகம் வெளிறியிருந்தது, உதடு காய்ந்திருந்தது. போத்தலை வாங்கித் தங்கை வீட்டுக்குப் போய், முதலில் ஊசியைப் போட்டாள். பிறகுதான் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

“கடலால வந்தனீங்களோ?”

“ஓம்.”

“பயமில்லையோ?”

“பயந்துகொண்டுதான் வந்தனான்.”

அவள் சிரிக்கவில்லை. என் நனைந்த சட்டைக் கையைப் பிழிந்துவிட்டாள். பிறகு, வீதி திறக்க இன்னும் ஒரு கிழமையாவது செல்லுமாம், எப்படித் திரும்பிப் போகப் போகிறீர்கள் என்று கேட்டாள்.

நான் வருவதற்கு மட்டும்தான் செபித்திருந்தேன்.

பின்னேரம், என்னைத் திருகோணமலையில் கொண்டுபோய் விட லாபிர் கூப்பிட்டார். ஏறியதும் முதல் வேலையாகத் திருகாணியை இரண்டு சுற்றுத் திறந்தேன். பிறகு பின்பக்கத்தில் இருந்து, ஒரு கையில் செபமாலையை எடுத்தேன். மற்றக் கையால் பலகையைப் பிடித்துக்கொண்டேன்.